செத்த முகங்களின் நோட்டு

ஏழு வருடத்தில் நாற்பத்திரண்டு பேரைக் கொன்றவர் என்று ஓவியரைப் பற்றிச் சொன்னால் அவர் வீட்டுக் கரப்பான்பூச்சிகூட நம்பாது. அதை அடிக்கக்கூட அவர் செருப்பைத் தூக்கியதில்லை. ஆனால் கொன்றது உண்மை. ஒருவரைக் கிணற்றில் தள்ளினார், ஒருவரைக் கொதிக்கிற மெழுகில் முக்கி எடுத்தார், ஒருவரை அவர் ஆசையாக வளர்த்த கிளிகளே கொத்தித் தின்னும்படி செய்தார். எல்லாம் காகிதத்தில்தான், எல்லாம் கடைசிக் கட்டத்தில்தான்.

அது பேய்க்கதைகளைப் படங்களாகப் போடும் பத்திரிகை. வருடத்துக்கு ஒரே இதழ், அதில் ஐந்தாறு குட்டிக் கதை இருக்கும். ஒவ்வொரு கதையையும் மூன்றே மூன்று பல் மிச்சமிருக்கிற ஒரு கல்லறைக் காவலாளி லாந்தரும் கையுமாக வந்து ஆரம்பித்து வைப்பான். "வாங்க, உட்காருங்க, எழுந்து போறது மட்டும் உங்க கையில இல்ல" என்பான். உள்ளே ஒரு பேராசைக்காரனோ துரோகியோ ஏழு பக்கம் ஆட்டம் போடுவான், எட்டாம் பக்கத்தில் வசமாக மாட்டிக்கொண்டு சாவான். காவலாளி மறுபடி வந்து பல்லை இளிப்பான். இதைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்துவிட்டு, விளக்கை அணைக்க விடாமல் வீட்டையே படுத்திய பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம்.

பேயை வரைவது பெரிய விஷயமில்லை. பேய் எப்படி இருக்கும் என்று யாரும் வந்து சண்டை போடப் போவதில்லை. மனிதர்களை வரைவதுதான் தொல்லை. கற்பனையில் முகம் போட்டால் பத்துப் பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி வந்து நிற்பார்கள். அதனால் ஓவியர் தெரிந்தவர்களின் முகத்தை எடுத்துப் போட்டார். பல் டாக்டர், தையல்காரர், பள்ளித் தலைமையாசிரியர், எதிர்வீட்டு டிரைவர் என்று கண்ணில் பட்டவர்கள் எல்லாரும் கதைக்குள் போய்ச் செத்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பல் டாக்டர், தன்னைப் பற்களே கடித்துத் தின்கிற பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நோயாளிகள் காத்திருக்கிற அறையில் மாட்டிவைத்தார். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நோயாளிகள் எழுந்து ஓடிவிட்டதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாம் வருடம் ஒரு வாசகர் கடிதம் வந்தது. கிணற்றில் செத்த அதே ஆள் எப்படி அடுத்த வருட இதழில் ரயிலில் அடிபட்டுச் சாகிறான், உங்கள் ஊரில் சாவு என்ன அவ்வளவு மலிவா என்று கேட்டிருந்தார். எடிட்டருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றே ஒரு தடித்த நோட்டை வாங்கி, அதுவரை செத்த முகங்களை எல்லாம் வரிசையாக எழுத வைத்தார். யார் முகம், எந்தக் கதை, எப்படிச் சாவு என்று எழுதி, பெயரின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு.

"செத்தவன் செத்தவன்தான் ஓவியரே. கோடு போட்ட முகத்தை மறுபடி நான் பார்க்கக் கூடாது" என்றார் எடிட்டர்.

அதற்குப் பிறகு அந்தச் சட்டம் ஒருநாளும் மீறப்படவில்லை. ஏழு வருடத்தில் பத்திரிகை நின்றது. ஓவியர் பாடப்புத்தகங்களுக்குத் தவளையின் குடலும் இலையின் நரம்பும் வரையப் போனார். அதற்குள் நோட்டில் நாற்பத்திரண்டு பெயர் ஏறியிருந்தது.

இப்போது ஓவியருக்கு ஐம்பத்தெட்டு வயது. அம்மாவுக்கு எண்பத்தெட்டு. அம்மா படுத்த படுக்கையாகி ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் அவளைப் பார்த்துக்கொண்டவள் ஓவியரின் மனைவி. பிள்ளைகள் இல்லாத வீடு. மனைவி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அம்மாவை வலப்பக்கமோ இடப்பக்கமோ புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். வந்தும்விட்டது, ஆறியது, மறுபடி வந்தது. புரட்டிப் புரட்டி மனைவியின் வலது மணிக்கட்டு வீங்கி, எந்நேரமும் அதில் ஒரு பட்டை கட்டியிருப்பாள். ஓவியர் உதவிக்கு வந்தால், "நீங்க காலைப் பிடிங்க, போதும்" என்பாள். அவர் பிடிக்கிற பிடியில் அம்மாவுக்கு வலிக்கும்.

டாக்டர் இந்த ஒன்பது வருடத்தில் நான்குமுறை "இந்த வாரம் தாண்டாது, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லியிருந்தார். நான்குமுறையும் உறவினர்கள் பை தூக்கிக்கொண்டு வந்து, நான்கு நாள் உட்கார்ந்திருந்து, சங்கடத்துடன் திரும்பிப் போனார்கள். ஐந்தாம் முறை டாக்டர் எதுவும் சொல்லவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏதோ தன்மேல் தவறு இருப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அம்மாவுக்குப் புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை.

"எல்லாரும் போயிட்டாங்கடா. உங்கப்பா போயிட்டாரு, எனக்குப் பின்னாடி பொறந்தவங்க மூணு பேரும் போயாச்சு. என்னை மட்டும் ஏன்டா யாரும் கூப்பிடல?" என்று கேட்பாள்.

"சும்மா இரும்மா" என்பார் ஓவியர்.

"சும்மாதான்டா இருக்கேன். ஒன்பது வருஷமா சும்மாதான் இருக்கேன்" என்பாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் முதுகு வலிக்கும், உடனே கண்ணில் தண்ணீர் முட்டும்.

இந்த நிலையில்தான் பேய்க்கு மறுபடி மவுசு வந்தது. அன்று ஒளித்து வைத்துப் படித்த பிள்ளைகள் எல்லாம் தலை நரைத்து, பழைய இதழ்களைத் தேடி அலைகிறார்கள் என்று எடிட்டர் போன் செய்தார். பழைய கதைகளைச் சேர்த்து ஒரு தடித்த புத்தகம் போடுகிறார்கள், அதன் பின்னாலேயே பத்திரிகையும் மறுபடி வரப்போகிறது. மங்கிப்போன கோடுகளை எல்லாம் ஓவியர்தான் திருத்தித் தர வேண்டும். பழைய பக்கங்களுடன் அந்த நோட்டையும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார்.

ஓவியர் அம்மாவின் அறைக்கு வெளியே ஜன்னலோரம் மேஜையைப் போட்டுக்கொண்டார். காலை வெளிச்சத்தில் வேலை. எந்த முகம் மங்கியிருக்கிறது, அது யாருடையது என்று சரிபார்க்க நோட்டைப் பிரித்தார். ஏழாவது பெயர் பல் டாக்டர். போன வாரம்தான் மருந்துக் கடை வாசலில் அவரைப் பார்த்திருந்தார். இரண்டு பக்கமும் தடி ஊன்றி, ஒரு படி ஏற ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தார். வரையும்போதே அவருக்கு எழுபத்தைந்து. இப்போது நூறு தாண்டியிருக்க வேண்டும். மூன்றாவது பெயர் எடிட்டரின் மாமனார். அவருக்கு நூற்றிரண்டு. அவரைப் பற்றிப் புலம்பாமல் எடிட்டர் போனை வைத்ததே இல்லை. பத்தொன்பதாவது பெயர் தலைமையாசிரியர். பாலத்திலிருந்து பஸ் கவிழ்ந்தபோது அதில் இருந்த அத்தனை பேரும் போக, இவர் ஒருவர் மட்டும் கால் இரண்டையும் விட்டுவிட்டுப் பிழைத்தார்.

ஓவியர் பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

நோட்டில் இருந்தவர்களை எல்லாம் விசாரித்து முடிக்க இரண்டு நாள் பிடித்தது. நேரில் பேசியவர்கள் பாதி, மகனிடமோ மருமகளிடமோ விசாரித்தது பாதி. தையல்காரர் தவறுதலாக அமிலத்தைக் குடித்துவிட்டுத் தொண்டையில் குழாயோடு இருந்தார். டிரைவர் லாரிக்கு அடியில் போய் வந்து, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் கிடந்தார். போனை எடுத்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "இருக்கேன் சார், இருக்கேன்." சொன்ன குரலில் இருப்பதைப் பற்றிய சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. பழைய ஆள் விசாரிக்கிறானே என்று அழுதவர்கள்கூட உண்டு. நாற்பது பேரை விசாரித்தாகிவிட்டது. நாற்பது பேரும் உயிரோடிருந்தார்கள்.

மிச்சம் இரண்டு பெயர். இருபத்தெட்டாவது, அம்மா. இருபத்தொன்பதாவது, அவரேதான்.

அவருக்கு அந்தக் கதை நன்றாக நினைவிருந்தது. அம்மா செத்தால் வீடு கைக்கு வரும் என்று காத்திருந்து சலித்துப்போன ஒரு மகன், அவளை உயிரோடு நிற்க வைத்துச் செங்கல் அடுக்கிச் சுவர் கட்டிவிடுகிறான். கடைசிப் பக்கத்தில் சுவருக்குள்ளிருந்து கை நீண்டு வந்து அவனையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடைசிக் கட்டத்தில் இருவரும் எலும்பும் செங்கல்லுமாகக் கட்டிப்பிடித்தபடி நிற்பார்கள். அச்சுக்குப் போக ஒரே நாள் இருந்தது, முகம் கிடைக்கவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கிழிந்த சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "என்னைப் போட்டுக்கோயேன்டா, நான் என்ன குறைஞ்சா போயிடுவேன்?" என்றாள். மகன் என்றால் சாயல் இருக்க வேண்டுமே என்று, முகச்சவரக் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே மகனுக்குப் போட்டுவிட்டார். அப்போது அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அம்மா அந்த இதழை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள்.

இரண்டு வருடம் முன்பு பாடப்புத்தக அலுவலகத்தின் மூன்றாம் மாடிப் படியிலிருந்து ஓவியர் தலைகுப்புற விழுந்திருந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இந்த மண்டையோட நீங்க என்கிட்ட உட்கார்ந்து பேசறதே தப்பு சார்" என்றார். அன்று அதைக் கேட்டு ஓவியரும் மனைவியும் சிரித்தார்கள். இப்போது அது நினைவுக்கு வந்ததும் அவர் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஒருதரம் செத்த முகம் மறுபடி சாகக் கூடாது என்று எடிட்டர் போட்ட சட்டத்தை, எடிட்டரைவிட ரொம்பப் பெரிய இடத்தில் யாரோ மதித்து நடந்துகொண்டிருக்கிறார்கள். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? பக்கத்து அறையில் அம்மா முனகிக்கொண்டிருந்தாள். அந்த முனகலுக்குக் காரணம் தன் பேனா என்று நினைத்தபோது, தன் கையையே அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதலில் ரப்பரை எடுத்து அம்மாவின் பெயர் மேலிருந்த சிவப்புக் கோட்டை அழித்துப் பார்த்தார். காகிதம் கிழிகிற அளவுக்குத் தேய்த்தார். பத்து நாள் காத்திருந்தார். தினமும் காலையில் எழுந்ததும் அம்மாவின் மூச்சு நின்றிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார். இருக்கும். இருக்கிறதே என்று மனம் சலித்துக்கொள்ளும், சலித்ததற்காக உடனே தன்னைத்தானே திட்டிக்கொள்வார். கதையில் வந்த மகனுக்கும் தனக்கும் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை, அவன் செங்கலாவது தூக்கினான் என்று ஒருநாள் பல் துலக்கும்போது நினைத்தார். நோட்டில் அழித்துப் பிரயோசனமில்லை. செத்தது அச்சில், மாற்ற வேண்டியதும் அச்சில்தான்.

எடிட்டரின் அறையில் பாதி இடத்தைப் பழைய இதழ்கள் அடைத்திருந்தன, மீதிப் பாதியில் எடிட்டரின் வயிறு இருந்தது. செங்கல் கதையின் கடைசிப் பக்கம் ரொம்பச் சிதைந்துவிட்டது, புதிதாக வரைய வேண்டும் என்றார் ஓவியர். முழுப் பொய்யும் இல்லை.

"வரைங்க. முதல் ஏழு பக்கம் ஏற்கெனவே பிரஸ்ஸுக்குப் போயாச்சு. கடைசிப் பக்கம் எப்படி வேணா வரைஞ்சுக்குங்க."

"முடிவை மாத்தலாம்னு பார்க்கறேன். ரெண்டு பேரும் சாகாம."

எடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "சாகாம என்ன பண்ணுவாங்க? அம்மாவும் பிள்ளையும் சுவத்தை இடிச்சிட்டு ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவாங்களா? அது பேய்க்கதை இல்ல ஓவியரே, குடும்பக்கதை. வாசகன் புத்தகத்தைத் தூக்கி என் தலையில அடிப்பான்."

"இருபத்திநாலு வருஷமா ஒரே முடிவுதானே. புதுசா இருக்கட்டுமே."

"புதுசா இருக்கலாம். ஒருத்தரை வேணா சாவுலேர்ந்து எடுத்துடுங்க. இன்னொருத்தர் செத்தே ஆகணும். காவலாளி எதுக்கு லாந்தரைத் தூக்கிட்டு வந்து நிக்கறான், விருந்துக்கா?" என்றார் எடிட்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன ஆச்சு உங்களுக்கு? தூங்கறீங்களா இல்லையா?" என்று கேட்டார்.

ஓவியர் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. மாமனார் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாராம், அடி ஒன்றும் இல்லையாம். "எப்படிங்க அடிபடும் அவருக்கு" என்று எடிட்டர் போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மனிதரிடம் இதற்கு மேல் என்ன சொல்வது? ஓவியர் சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

ஒருவரை எடுக்கலாம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் அதையே யோசித்தார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் யோசிக்க அதில் என்ன இருக்கிறது? முதுகுப் புண் அம்மாவுக்கு. அவருக்கு இன்றைக்கு ஒன்றும் இல்லை, மண்டையில் ஒரு விரிசலைத் தவிர. பயம் இருந்தது. அம்மாவின் கட்டிலில் தான் படுத்திருப்பதை அவரால் கட்டம் கட்டமாகப் பார்க்க முடிந்தது, அந்தத் தொழிலில் இருந்தவர் இல்லையா. தொண்ணூறு, நூறு, நூற்றிருபது. அந்தப் பயத்தோடுதான் மேஜை முன் உட்கார்ந்தார்.

புதிய கடைசிப் பக்கத்தில் கை நீளவில்லை. சுவர் உள்ளிருந்தே வெடிக்கிறது. செங்கற்கள் மகன் தலைமேல் சரிகின்றன. கடைசிக் கட்டத்தில் செங்கல் குவியலுக்கு வெளியே மகனின் முகம் மட்டும் தெரிகிறது, செத்த கண்ணோடு. இந்தப் பக்கம் அம்மா தூசியைத் தட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். அவள் முகத்தை வரையத்தான் நாலு நாள் ஆனது. கட்டிலில் கிடக்கிற முகம் வேண்டாம், பொத்தான் தைத்த முகம் வேண்டும். கண்ணை மூடினால் அது வரவே மாட்டேன் என்றது. இருபத்திநாலு வருடம் முன்பு தானே வரைந்த பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாகிற முகத்திலிருந்து உயிரோடிருக்கிற முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தார்.

முடித்ததும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மனைவி அப்போதுதான் அவளை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். அம்மாவின் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார்.

"யாருடா இது?"

"நீதான்மா. சுவத்தை இடிச்சிட்டு வெளிய வர்ற."

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கா. எங்க போறா?"

"தெருவுக்கு."

"வெறும் காலோடயா போவா? செங்கல்லும் சல்லியுமா கிடக்கு. ஒரு செருப்பு போட்டு விடுடா."

அவர் மேஜைக்குத் திரும்பி வந்து, அம்மாவின் காலில் செருப்பு வரைந்தார். வார் அறுந்துவிடாதபடி தடிமனாக வரைந்தார். வரைந்துகொண்டிருக்கும்போது கண் மறைத்தது. மை ஒரு இடத்தில் கொஞ்சம் பரவிவிட்டது, அதை நிழலாக மாற்றிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை புத்தகம் கடைக்கு வந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கு ஓவியருக்குப் பார்சல் வந்தது. பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு அம்மாவின் அறைக்குப் போய் உட்கார்ந்தார். பத்து மணிக்கு மனைவி வந்து அம்மாவின் தோளுக்கு அடியில் கை கொடுத்தாள்.

"வேணாம் பொண்ணே. இப்படியே நல்லா இருக்கு" என்றாள் அம்மா.

மனைவி கையை எடுக்கவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல ஓவியரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். துக்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்தால் எதற்கு அழுகிறோம் என்று தெரிவதில்லை. அவர் அதைப் பிரித்துப் பார்க்க முயலவும் இல்லை.

வந்தவர்கள் போய், வீடு கழுவிவிட்டபின் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மனைவி அம்மாவின் அறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். ஓவியர், மறுபடி வரப்போகிற பத்திரிகையின் முதல் இதழுக்காக ஒரு கதை வரைந்துகொண்டிருந்தார். ஒரு மத்தியானம் மனைவி வந்து அவர் மேஜைமேல் நோட்டை வைத்தாள். பேய்ப்புத்தகம் எதையும் அவள் இந்த முப்பது வருடத்தில் பிரித்ததே இல்லை. குமட்டும் என்பாள். ஆனால் இது கையெழுத்து நோட்டு, படம் இல்லை. படித்திருந்தாள்.

"அன்னிக்கு ரெண்டு நாளா எல்லாருக்கும் போன் பண்ணிட்டிருந்தீங்களே. இவங்களுக்குத்தானா?"

ஓவியர் தலையாட்டினார்.

"அத்தை பேர் மேல இருந்த கோட்டை அழிச்சிருக்கீங்க. அதுக்குக் கீழ உங்க பேர் இருக்கு. அதை அழிக்கல."

"கோட்டுல ஒண்ணும் இல்ல. படம்தான். ஒருத்தரை எடுக்கத்தான் எடிட்டர் விட்டாரு" என்றார்.

சொன்னபிறகுதான், இவளிடம் எதையும் விளக்கவே இல்லையே என்று அவருக்கு உறைத்தது. விளக்கம் தேவைப்படவும் இல்லை. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மணிக்கட்டில் இருந்த பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

"அப்ப உங்களை யாரு புரட்டிப் போடுவா?" என்று கேட்டாள்.

நூற்றிருபது வயதுவரை கட்டம் கட்டமாக யோசித்துப் பார்த்தவர், இதை யோசிக்கவில்லை. அவர் யோசித்த எல்லாக் கட்டத்திலும் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தைக்கு நான் இருந்தேன். நான் இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன்? இருபதுன்னே வெச்சுக்குங்க. அதுக்கப்புறம்? தெரியாதவங்க கையில எல்லாம் விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் யாரு எழுந்திருப்பா?"

"அதெல்லாம் அப்ப பார்த்துக்கலாம்."

"இப்ப வரையற கதையில சாகறது யாரு?"

"ஒரு பொம்பளை. தோட்டத்துல புதைஞ்சு போவா. முகம் இன்னும் போடல."

"என்னைப் போடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அது என்னன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவரும் போட்டிருப்பார், சண்டையாகியிருக்கும், சண்டையில் அது கரைந்துபோயிருக்கும். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிறமாதிரி திரும்பி உட்கார்ந்தாள். ஐம்பத்துநாலு வயது. கண்ணுக்குக் கீழே ஒன்பது வருடத் தூக்கம் கருப்பாகத் தேங்கி நின்றது. இவளை ஒருதரம்கூட வரையவில்லையே என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. அந்த நாட்களில், அரக்கப்பரக்க முகம் தேடியபோதெல்லாம், பக்கத்திலேயே இருந்த இவளைத் தொடாமல் தாண்டிப்போயிருக்கிறார். காரணம் அவருக்கே தெரியவில்லை. சாகிற முகமாக இவளைப் பார்க்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

பென்சிலை எடுத்தார். ஒருமணி நேரம் வரைந்தார். நடுநடுவே தலையைத் தூக்கி அவளை உற்றுப் பார்த்தார், ஒரு கண்ணை மூடி அளவெடுத்தார், "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார். அவள் சொன்னபடி திரும்பினாள்.

காகிதத்தில் வந்துகொண்டிருந்தது வேறொரு பெண். அகலமான நெற்றி, சின்னத் தாடை, எங்கேயும் எப்போதும் இருந்திராத ஒருத்தி. யாரையும் பார்க்காமல் போட்டும், அவருக்கு யார் சாயலும் இல்லாமல் வந்த முதல் முகம். கற்பனை முகம் தனக்கு வராது என்று இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், வேண்டும் என்றதும் வந்துவிட்டது. ஒரு மூக்குத்துளைகூட மனைவியின் சாயலில் அமைந்துவிடாதபடி பார்த்துப் பார்த்துப் போட்டார். கடைசியில் அவள் மேல் மண்ணைத் தள்ளினார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. பார்க்கறியா?"

"ஐயோ வேணாம். நோட்டுல எழுதுங்க, அது போதும்."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோட்டைப் பிரித்தார். நாற்பத்துமூன்று, மனைவி, தோட்டத்தில் மண் மூடிச் சாவு என்று எழுதினார். சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்து, பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அவரது இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை எழுதியதில்லை.

மனைவி கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "தூள் உதிருது" என்றாள். பிறகு, "அப்பாடா" என்று எழுந்து, அந்த இடத்திலேயே பாயை விரித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் லேசாகக் குறட்டை வந்தது.

ஓவியர் மேஜை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவள் ஒருநாள் போய்விடுவாள். போக முடியும் இவளால். அதற்குப் பிறகு அவர் கிடப்பார், யாரோ வருவார்கள், வராமலும் போவார்கள். அந்தப் பயம் போகவில்லை. ஆனால் இவள் அந்தக் கட்டிலில் கிடக்க மாட்டாள், யாரையாவது பார்த்து என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க மாட்டாள். அது போதுமா என்று கேட்டால் போதும் என்றுதான் சொல்வார்.

இரண்டு மணி நேரம் ஆனதும் மனைவி தூக்கத்திலேயே எழுந்தாள். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் அறைப் பக்கம் நடந்தாள். ஓவியர் எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டார்.

"படு. நீ இனிமே யாரையும் புரட்ட வேண்டாம்" என்றார்.

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பி வந்து படுத்தாள்.